மட்: வீட்டிலிருந்து மட்டும் ஐமேப் இணைப்பு அறுகிறது, திரை உறைகிறது

ஜெலுத்தோங்_முனையம்:

வணக்கம். உபுண்டு 20.04, அதோடு வரும் மட் 1.13.2 (முனையத்தில் ஓடும் அஞ்சல் நிரல்). இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்று ஜிமெயில், ஆப் பாஸ்வேர்டில் ஓடுகிறது. இன்னொன்று அலுவலக அஞ்சல், அங்கே டவ்காட் என்ற அஞ்சல் சர்வர். இரண்டுமே 993 போர்ட்டில் ஐமேப்எஸ், அதாவது அஞ்சலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையின் மறையாக்கிய வடிவம்.

பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் காலையில் திறந்த மட் மாலை வரை அப்படியே நிற்கிறது. ஜெலுத்தோங் வீட்டு ஃபைபரில் அப்படி இல்லை. சற்று நேரம் விசைப்பலகையில் கை வைக்காமல் விட்டுவிட்டு ஒரு கடிதத்தைத் திறந்தால் திரை உறைந்துபோகிறது. வெகுநேரம் கழித்துத்தான் "மெயில்பாக்ஸ் க்ளோஸ்ட்" என்று வருகிறது. அதற்குள் அழிக்கக் குறித்து வைத்த கடிதங்களும் கொடி வைத்த கடிதங்களும் பழைய நிலைக்கே போய்விடுகின்றன. இரண்டு கணக்கிலும் இதே கதைதான்.

மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் தொடர்புள்ள வரிகள்:

செட் ஐமேப்_கீப்அலைவ் = 900
செட் மெயில்_செக் = 60
அன்செட் ஐமேப்_ஐடில்

டைம்அவுட் மதிப்பை நான் தொடவில்லை. வைஃபையை விட்டு கேபிள் போட்டுப் பார்த்தும் மாற்றம் இல்லை. கீப்அலைவைக் குறைத்தால் மட்டும் போதுமா? திரை உறைவதை எப்படி நிறுத்துவது?


செந்தூல்_993:

இரண்டு கணக்கும் ஒரே மாதிரி அறுகிறது, அலுவலகத்தில் அறுவதில்லை. அப்படியென்றால் ஜிமெயிலையும் டவ்காட்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்க. இரண்டுக்கும் பொதுவாக நடுவில் இருப்பது உங்க வீட்டு இணைப்புதான். ஆனாலும் மதிப்புகளை மாற்றத் தொடங்குமுன் எத்தனை நேரத்தில் அறுகிறது என்று அளந்துவிடுங்க. அந்த நேரமே யார் அறுக்கிறார் என்று சொல்லிவிடும்.

அரை மணி நேரச் சும்மாவுக்குப் பிறகு அறுந்தால் சர்வர் தானே வெளியேற்றுகிறது. ஐமேப் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 3501 ஆவணம் சர்வருக்குக் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 30 நிமிடம், டவ்காட்டும் அதையே பின்பற்றுகிறது. நீங்க வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுமார் ஒரு மணிக்கு ஒரு முறை அறுந்தால் அது ஓஆத் டோக்கன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் தரப்படும் தற்காலிக அனுமதிச் சீட்டு. ஓஆத் வழியாக நுழைந்த ஜிமெயில் ஐமேப் அமர்வு அந்த டோக்கனின் ஆயுள் வரைக்கும்தான், வழக்கமாக ஒரு மணி நேரம். மற்றபடி ஜிமெயிலில் ஓர் அமர்வு ஏறத்தாழ 24 மணி நேரம் நிற்கும். பத்து நிமிடத்துக்கு உள்ளேயே, சும்மா இருக்கும்போது மட்டும் அறுந்தால், நடுவில் இருக்கும் நாட் கருவி (பல கணினிகளை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பது) தன் அட்டவணையிலிருந்து உங்க இணைப்பைத் துடைத்துவிடுகிறது. நேரக்கணக்கே இல்லாமல் அறுந்தால் வைஃபை, மடிக்கணினி உறக்கம், சிக்னல் என்று தேடணும்.

உங்க வீட்டில் மூன்றாவது வகைதான் என்று படுகிறது. அளக்கும் வழி இது. மட்டை மூடிவிட்டு முனையத்தில்:

ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கொய்யட் -சிஆர்எல்எஃப் -4 -கனெக்ட் ஐமேப்.ஜிமெயில்.காம்:993

-4 என்றால் ஐபிவி4 வழியாக மட்டும். கொய்யட்டை விடாதீங்க. அது இல்லாவிட்டால் வரித் தொடக்கத்தில் பெரிய எழுத்து க்யூ அல்லது ஆர் வந்தால் ஓபன்எஸ்எஸ்எல் அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சர்வர் வரவேற்பு வரி வந்ததும் "ஏ1 லாகின் முகவரி ஆப்பாஸ்வேர்ட்" என்று அடிங்க. பாஸ்வேர்டின் 16 எழுத்தையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதணும். திரையில் அது வெளிப்படையாகத் தெரியும், பக்கத்தில் ஆள் இருந்தால் கவனம். நுழையாமல் சும்மா காத்திருந்து அளந்தால் பயனில்லை. நுழையாத இணைப்பை டவ்காட் போன்ற சர்வர்கள் சில நிமிடத்திலேயே தாங்களாக மூடிவிடும், அளவு கெட்டுப்போகும்.

உள்ளே போனபின் 2 நிமிடம் விட்டு "ஏ2 நூப்" அடிங்க, ஒன்றும் செய்யாமல் பதில் மட்டும் கேட்கும் கட்டளை அது. "ஏ2 ஓகே" உடனே வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கு. அடுத்து 4 நிமிடம், பிறகு 6, பிறகு 10. ஒவ்வொரு நூப்பும் நாட் கடிகாரத்தை மறுபடி சுழியத்திலிருந்து ஓடவிடும். அதனால் நீங்க அளப்பது இரண்டு நூப்புக்கு நடுவே உள்ள மௌனத்தை, மொத்த நேரத்தை அல்ல.

பதில் வராமல் நின்றால் இன்னொரு முனையத்தில் "எஸ்எஸ் -டிஎன்ஓ" போட்டு 993 வரியைப் பாருங்க. சென்ட்-க்யூ (ஒப்புதல் வராத பைட்டுகள்) சுழியமாக இல்லாமல் நின்று, டைமர் பகுதியில் "ஆன்" என்றும் அதன் கடைசி எண் ஒவ்வொன்றாக ஏறியும் தெரிந்தால், கெர்னல் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது, அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று பொருள். திரை உறைவதற்குக் காரணமும் இதுவே. நாட் கருவி ஆர்எஸ்டி என்ற துண்டிப்புச் செய்தி அனுப்பி மூடியிருந்தால் பிழைச்செய்தி உடனே வந்திருக்கும். சொல்லாமல் துடைத்ததால் லினக்ஸ் விடாமல் முயல்கிறது. எத்தனை முறை முயல்வது என்று சொல்லும் டிசிபி_ரீட்ரைஸ்2 இயல்பு மதிப்பு 15, அது கைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கூடவே ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்க. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்க சேவை நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து வைத்திருக்கும் பொது நாட் கருவிக்குப் பின்னால் இருக்கீங்க. அப்படியானால் வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் மாறாது. டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் துடைக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 5382 சொல்லுது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் அதன்படியே 7440 நொடி வைத்திருக்கு. எல்லாக் கருவியும் அப்படி இல்லை.


ஜெலுத்தோங்_முனையம்:

மிக்க நன்றி அண்ணே. அளந்தாயிற்று. 4 நிமிட மௌனம் தாங்குகிறது, 6 நிமிடத்தில் பதில் இல்லை. எஸ்எஸ் வெளியீட்டிலும் நீங்கள் சொன்னபடியே எண் ஏறிக்கொண்டு போனது. வான் ஐபி 100.-இல்தான் தொடங்குகிறது, இரண்டாம் எண்ணும் நீங்கள் சொன்ன வரம்புக்குள். -4 என்பதற்குப் பதில் -6 போட்டால் 10 நிமிடமும் தாங்குகிறது. இது எனக்குப் புரியவில்லை.


செந்தூல்_993:

ஐபிவி6-இல் பொது நாட் கிடையாது, அதனால் அங்கே துடைக்க ஆளில்லை. வீட்டு ரவுட்டரின் தீச்சுவர் மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கும், அதன் பொறுமை உங்களுடையதில் நீளம் போல. மட்டில் யூஸ்_ஐபிவி6 இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். உங்க பழைய மட்ஆர்சியில் அதை யாராவது அன்செட் பண்ணி வைத்திருக்காங்களா என்று தேடிப் பாருங்க. அலுவலக சர்வருக்கு ஐபிவி6 முகவரி இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு இது உதவாது. எனவே கீப்அலைவைச் சரி பண்ணியே ஆகணும்.

உங்க மதிப்புகளில் எது எதை ஆளுகிறது என்று பார்ப்போம். மட் பட்டியல் திரையில் விசைக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம் டைம்அவுட், இயல்பு 600 நொடி. ஐமேப்_கீப்அலைவ் அதைவிடச் சிறியதாக இருந்தால் அந்தக் காத்திருப்பின் நடுவிலேயே மட் எழுந்து, திறந்திருக்கும் எல்லா ஐமேப் இணைப்புக்கும் நூப் அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்கும். நீங்க 900 வைத்திருக்கீங்க. 600-ஐவிடப் பெரிது, ஆகவே நடுவில் எழ வாய்ப்பே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு நூப்தான் போகுது, நாட் கருவியோ 4-க்கும் 6-க்கும் நடுவில் துடைத்துவிடுது. மெயில்_செக்கை 60 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரைக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறாங்க. விசை எதுவும் அழுத்தாமல் இருக்கும்போது மட் காத்திருப்பிலிருந்து வெளியே வந்தால்தானே கேட்க முடியும்? 1.13-இல் இயல்பு மதிப்பான 300-ஐ வைத்தாலும் உங்க வீட்டில் மயிரிழைதான். சில நாள் நிற்கும், சில நாள் அறுந்துவிடும்.

செட் ஐமேப்_கீப்அலைவ் = 120
செட் டைம்அவுட் = 60
செட் மெயில்_செக் = 60
செட் ஐமேப்_போல்_டைம்அவுட் = 45

முதல் மூன்றும் மௌனத்தை 2 நிமிடத்துக்கு மேல் போகவிடாது. அளந்த வரம்பில் பாதிக்கும் கீழே வைப்பதுதான் என் கணக்கு. ஒரு நூப் வழியில் தொலைந்தாலும் அடுத்தது நேரத்துக்குள் போய்ச் சேரும். நான்காவது வேறு வேலைக்கு. சும்மா சோதிக்கும்போது சர்வர் பதிலுக்கு மட் எத்தனை நொடி காத்திருக்கும் என்பது அது, இயல்பு 15. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் தடுமாறும்போது 15 நொடியில் பதில் வராமல் மட் தானே இணைப்பை மூடிவிடும். ரயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கட்டாயம் உயர்த்தவேண்டிய மதிப்பு. 0 போடாதீங்க, போட்டால் செத்த இணைப்பில் முடிவில்லாமல் நிற்கும்.

எடிட்டரில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் கீப்அலைவ் வேலை செய்யும், எடிட்டர் முடியக் காத்திருக்கும் இடத்திலேயே மட் நூப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல்-இசட் போட்டு மட்டைப் பின்னால் தள்ளினால் மட்டும் எல்லாம் நின்றுவிடும், நிறுத்தப்பட்ட நிரல் எதையும் அனுப்பாது. "அன்செட் சஸ்பெண்ட்" போட்டுவிட்டு டிமக்ஸில் (பல முனையச் சாளரங்களைத் தரும் நிரல்) இன்னொரு சாளரம் திறந்துகொள்ளுங்க. டிமக்ஸிலிருந்து பிரிந்து போனாலும் மட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

குறிகள் தொலைவதற்கு உண்மையான மருந்து பதிப்பை உயர்த்துவது. 2020 நவம்பரில் வந்த மட் 2.0-இலிருந்து, திறந்திருக்கும் ஐமேப் பெட்டி அறுந்தால் தானாக மீண்டும் இணைந்து, சேமிக்காத மாற்றங்களை முடிந்தவரை ஒன்றுசேர்க்கும். உபுண்டு 22.04-இல் 2.1.4 வருது. 1.13-இல் அந்த வசதி கிடையாது. அதுவரை எழுந்து போகுமுன் டாலர் குறி விசையை அழுத்தி மாற்றங்களை சர்வரில் எழுதிவிடுங்க.


கெப்போங்_சிஸ்அட்மின்:

சர்வர் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன், இது இல்லாவிட்டால் அடுத்த வாரம் வேறு பெயரில் இதே பிரச்சினை வரும்.

நாட் சொல்லாமல் துடைக்கும்போது சர்வருக்கும் ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் அந்த இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, 30 நிமிடம் கழித்துத்தான் "டிஸ்கனெக்டட் ஃபார் இன்ஆக்டிவிட்டி" என்று மூடும். அதற்குள் நீங்கள் மட்டை மூடி மூடித் திறந்தால் ஆவி இணைப்புகள் சேர்ந்துகொண்டே போகும். டவ்காட்டில் ஒரே பயனர், ஒரே ஐபிக்கான வரம்பு மெயில்_மேக்ஸ்_யூசர்ஐபி_கனெக்ஷன்ஸ், இயல்பு 10. ஒரே வீட்டில் அதே கணக்கைக் கைப்பேசியும் தண்டர்பேர்ட் அஞ்சல் நிரலும் திறந்திருந்தால் இந்த 10 சீக்கிரம் நிறையும், தண்டர்பேர்ட் மட்டுமே இயல்பாக 5 வரை வைத்துக்கொள்ளும். பிறகு கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும். பார்ப்பவர் கடவுச்சொல்தான் கெட்டுவிட்டது என்று மாற்றப் போவார். மாற்றியபின் பழைய கடவுச்சொல்லோடு கைப்பேசி முயன்றுகொண்டே இருக்க, தவறான நுழைவு முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அந்த வீட்டு ஐபியையே தடுத்துவிடும். பொது நாட் என்றால் அந்த ஐபியில் பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்.

சர்வரில் "டவ்அட்ம் ஹூ பயனர்பெயர்" போட்டால் எத்தனை இணைப்பு, எந்த ஐபியிலிருந்து என்று தெரியும். ஆவிகளை "டவ்அட்ம் கிக் பயனர்பெயர்" விரட்டிவிடும். உங்கள் அலுவலக நிர்வாகியிடம் வரம்பை ஏற்றச் சொல்லுமுன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிமெயிலில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்பு, அங்கே நாம் விரட்ட முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

லாக்கில் எதைத் தேடுவது என்பதும் முக்கியம். பயனர் அறுந்தது என்று சொல்லும் அதே நொடியில் சர்வர் லாக்கில் ஒன்றுமே இல்லை, அரை மணி கழித்துத்தான் இன்ஆக்டிவிட்டி வரி வருகிறது என்றால் நடுவழி நாட்தான். அதே நொடியில் "கனெக்ஷன் ரீசெட் பை பீர்" வந்தால் ஏதோ ஒரு தீச்சுவர் ஆர்எஸ்டி அனுப்பியிருக்கிறது. "லாக்ட் அவுட்" என்று இருந்தால் கிளையன்ட்டே முறையாக வெளியேறியிருக்கிறது, வலையைக் குறை சொல்ல முடியாது. மட் பக்கத்தில் "மட் -டி 2" என்று திறந்தால் வீட்டு அடைவில் மட்டீபக்0 என்ற மறைகோப்பில் அனுப்பியதும் வந்ததும் பதிவாகும். இரண்டாம் நிலை போதும், ஐந்து வரை போனால் கடவுச்சொல்லும் கோப்பில் ஏறிவிடலாம். அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்புமுன் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஐமேப்_ஐடில் (புதுக் கடிதம் வந்தால் சர்வரே சொல்லும்படி இணைப்பைத் திறந்து வைக்கும் முறை) பற்றி: டவ்காட் ஐடிலில் இருக்கும் கிளையன்ட்டுக்கு இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒரு முறை "ஸ்டில் ஹியர்" என்று ஒரு வரி அனுப்பும். அதுவே நாட் கருவியை விழித்திருக்க வைக்கும். அதனால் ஐடில் போட்டதும் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், டவ்காட் கணக்கு வரைக்கும் அது உண்மைதான். ஆனால் சில சர்வர்கள், குறிப்பாக டவ்காட், தன் ஐடில் முறையோடு ஒத்துப்போகாது, இணைப்பு அவ்வப்போது உறைந்தால் அணைத்துப் பாருங்கள் என்று மட் கையேடே சொல்கிறது. உங்கள் மட்ஆர்சியில் அது அணைந்தே இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.


ஜெலுத்தோங்_முனையம்:

கீப்அலைவ் 120 வைத்தபின் இரண்டு கணக்கும் அறுவதில்லை. யூஸ்_ஐபிவி6 உண்மையிலேயே அன்செட்டில்தான் இருந்தது, எடுத்துவிட்டேன்.

இன்னொன்று மட்டும் மிச்சம். வீட்டிலிருந்து அலுவலக வயர்கார்ட் விபிஎன் போட்டிருக்கும்போது கடிதப் பட்டியல் வருகிறது, சின்னக் கடிதங்கள் திறக்கின்றன, இணைப்புக் கோப்புள்ள கடிதம் மட்டும் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இதுவும் நாட்தானா?


கெப்போங்_சிஸ்அட்மின்:

இல்லை, இது எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு. சிறியது வந்து பெரியது நின்றால் முதலில் அங்கேதான் பார்க்கவேண்டும்.

உங்கள் ஃபைபர் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறையில் ஓடினால் வெளியே போகும் எம்டியூ 1500 இல்லை, 1492. விபிஎன் இல்லாதபோது ரவுட்டர் எம்எஸ்எஸ்-ஐ (ஒரு டிசிபி பொட்டலத்தில் அடங்கும் தரவின் உச்ச அளவு) 1452 ஆக வெட்டிக் கொடுத்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வயர்கார்ட்டுக்குள் போகும் டிசிபியை ரவுட்டரால் பார்க்க முடியாது, வெட்டவும் முடியாது. மடிக்கணினிக்கோ தன் வலை அட்டை 1500 என்றுதான் தெரியும். வயர்கார்டை ஏற்றும் டபிள்யூஜி-குயிக் அதிலிருந்து 80 கழித்து 1420 என்று வைக்கும். வெளிப்பொதி ஐபிவி4 என்றால் கூடுதல் சுமை 60 பைட், 1480 ஆகும், 1492-க்குள் அடங்கும். வெளிப்பொதி ஐபிவி6 என்றால் 80 பைட், சரியாக 1500, அடங்காது. "பெரிதாக இருக்கிறது" என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதாவது தீச்சுவர் விழுங்கியிருந்தால் அனுப்புபவருக்குத் தெரியாமலே பொட்டலம் மறைந்துபோகும்.

"டபிள்யூஜி ஷோ" போட்டு எண்ட்பாயின்ட் ஐபிவி6 முகவரியா என்று பாருங்கள். பிறகு விபிஎன் வழியாக அலுவலகக் கணினி ஒன்றின் ஐபிவி4 முகவரிக்கு:

பிங் -எம் டூ -எஸ் 1392 முகவரி

1392-உடன் தலைப்பு 28 சேர்த்தால் 1420. இது போகாமல் 1384 போனால் விடை கிடைத்துவிட்டது. வயர்கார்ட் கோப்பில் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியூ = 1412 என்று ஒரு வரி போட்டு விபிஎன்னை இறக்கி ஏற்றுங்கள். உங்கள் பக்கம் குறைத்தால் போதும். நீங்கள் அறிவிக்கும் எம்எஸ்எஸ் 1372 ஆகிவிடும், சர்வரும் அதற்கு மேல் அனுப்பாது.


பட்டர்வொர்த்_மெயில்டிர்:

மடிக்கணினியோடு அங்குமிங்கும் போகிறவர் என்றால் இந்த மதிப்புகளோடு போராடுவதைவிட எம்பிசிங்க் என்ற ஒத்திசைவு நிரலை வைத்து அஞ்சலை வட்டிலேயே மெயில்டிர் (கடிதத்துக்கு ஒரு கோப்பு) ஆக இறக்கிவிடலாம் என்பது என் கருத்து. மட் உள்ளூர்க் கோப்பைத்தான் படிக்கும், உறைய எதுவும் இல்லை. எம்பிசிங்கை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டால் இணைந்து, வேலை முடித்து, முறையாக வெளியேறும். நாட் கருவிக்குத் துடைக்க நேரமே கிடைக்காது. அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி நிரல், போர்ட் 587 அல்லது 465. 25-ஐ வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் திறந்துவிட மாட்டார்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் ஒரு கண்ணி இருக்கு. எம்பிசிங்க் அடங்கிய ஐசிங்க் தொகுப்பின் 1.4-க்கு முந்தைய பதிப்புகளில் இரு முனைகளுக்கும் மாஸ்டர், ஸ்லேவ் என்று பெயர், பிறகு ஃபார், நியர். 1.5-இல் எஸ்எஸ்எல்டைப் என்பது டிஎல்எஸ்டைப் ஆகிவிட்டது. உங்க பதிப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்க. எம்பிசிங்க்கின் டைம்அவுட் இயல்பு 20 நொடி, ஹாட்ஸ்பாட்டில் 60 வைங்க. அழித்த கடிதங்களை நிரந்தரமாக நீக்கும் எக்ஸ்பஞ்ச் வரியை முதல் ஓட்டத்தில் சேர்க்காதீங்க. இரண்டு பக்கமும் சரியாக இறங்கியதைப் பார்த்தபின் "எக்ஸ்பஞ்ச் போத்" போடலாம். ஜிமெயிலில் "ஆல் மெயில்" அடைவைப் பேட்டர்ன்ஸ் வரியில் விலக்கிவிடுங்க, இல்லாவிட்டால் ஒவ்வொரு கடிதமும் இரண்டு முறை இறங்கும். ஐமேப் வழி இறக்கத்துக்கு ஜிமெயில் ஒரு நாளைக்கு 2500 எம்பி வரம்பு வைத்திருக்கு. பெரிய பெட்டி என்றால் அடைவு அடைவாகப் பல நாளில் இறக்குங்க.


செந்தூல்_993:

எம்பிசிங்க் நல்ல வழிதான், ஆனால் அலுவலகக் கடிதங்களை வீட்டுக் கணினி வட்டில் முழுசாக வைக்க எல்லா நிறுவனமும் விடாது. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்க. விடவில்லையென்றால் மட்டிலேயே ஹெடர்_கேஷ் ஓர் அடைவுக்கும் மெசேஜ்_கேஷ்டிர் இன்னோர் அடைவுக்கும் கொடுங்க. முதலாவது தலைப்புகளை மட்டும் வைக்கும். இரண்டாவது நீங்க திறந்த கடிதங்களை முழுசாகவே வைக்கும், ஆகவே அதற்கும் அதே அனுமதிக் கேள்வி உண்டு. அறுந்து மீண்டும் இணைந்தாலும் ஆயிரக்கணக்கான தலைப்புகளை மறுபடி இறக்காது. "மட் -வி" வெளியீட்டில் தலைப்புச் சேமிப்பு வசதியான ஹெச்கேஷ் முன்னால் கூட்டல் குறி இருக்கணும், கழித்தல் என்றால் அந்தப் பதிப்பில் அது சேர்த்துக் கட்டப்படவில்லை. அடைவை நீங்களே முன்கூட்டி உருவாக்கிவிடுங்க. பாதை அடைவாக இல்லாவிட்டால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கோப்பாக எழுதும், பெட்டி பெரிதாகப் பெரிதாக அது மந்தமாகிவிடும்.